கொற்கையிலிருந்து கடலுக்கு



சரித்திரம் என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவன அரசர்களின் பெயர்களும், அவர்கள் பட்டத்துக்கு வந்த ஆண்டுகளும், போர்களின் பட்டியலுமே ஆகும். 30 ஆண்டுகளுக்கு மேல் அப்பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆயினும் காலால் நடந்தே கற்க வேண்டிய சரித்திரம் ஒன்று நம் ஊர்ப்பக்கத்திலேயே இருக்கிறது. தூத்துக்குடியில் தொடங்கித் தூத்துக்குடியில் முடியும் ஒரு நாள் பயணம் அது. ஓட்டலில் ஒரு வேளை விருந்துண்ணும் செலவு அதற்குத் தாராளமாகப் போதும். வழிகாட்டி வேண்டியதில்லை, வாடகை வண்டி வேண்டவே வேண்டாம். இலையில் கட்டிய புளியோதரையும் தேங்காய்த் துவையலும், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீரும், தலைக்கு ஒரு துண்டும், ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும். காலம் மட்டும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும் தை, மாசி மாதங்களே தக்க காலம். சித்திரை வெயிலில் புறப்பட்டுவிட்டு என்னைக் குறை கூறாதீர்கள்.

புறப்படுமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுங்கள்; அது கடற்கரை. இடப்பக்கத்திலிருந்து வந்து அந்தக் கோட்டைத் தொடும் மற்றொரு கோடு தாமிரபரணி. ஆற்றுக்குச் சற்று வடக்கே, கடலைவிட்டு ஆறேழு கிலோமீட்டர் உள்ளே ஒரு புள்ளி வையுங்கள், அது கொற்கை. கொற்கைக்கும் கடலுக்கும் நடுவே, கடலுக்கு நெருக்கமாக ஒரு புள்ளி, பழையகாயல். ஆறு கடலில் கலக்கும் இடத்திலேயே மூன்றாவது புள்ளி, புன்னைக்காயல். இவற்றுக்கு வடக்கே கடற்கோட்டின் மீதே நான்காவது புள்ளி, தூத்துக்குடி. இந்த நான்கு புள்ளிகளும் வெவ்வேறு காலங்களில் முத்துக்குளித்துறையின் தலைமைத் துறைமுகங்களாக இருந்தவை. நான் சொன்ன வரிசையே காலவரிசையும் ஆகும்.

ஆகையால் பயணத்துக்கு ஒரு விதி உண்டு. விடியற்காலையில் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் தெற்கே செல்லும்போது, இரு பக்கமும் உப்பளங்களைக் காண்பீர்கள், பழையகாயல் வரும். அங்கே இறங்காதீர்கள். முதலில் கொற்கைக்குச் சென்றுவிட வேண்டும். முக்காணிப் பக்கத்திலிருந்து ஏரல் நோக்கி உள்நாட்டுக்குள் செல்லும் பேருந்துகளைக் கேட்டு ஏறிக்கொள்ளுங்கள். மிகுதி வழியை நடந்து கடக்கலாம். திரும்பும்போதுதான் நூற்றாண்டுகளை ஒவ்வொன்றாகக் கடந்து கடலுக்கு வரவேண்டும். வழியில் தென்படும் ஊர்ப்பெயர்களையும் கவனியுங்கள். உமரிக்காடு என்று ஓர் ஊர். உமரி என்பது உப்பு ஊறிய ஈர மண்ணிலே தழைக்கும் செடி. காயல் என்றால் கடலை ஒட்டிய உப்பங்கழி. இன்று நெல்லும் வாழையும் விளையும் இடத்துக்கு அருகே இப்பெயர்கள் ஏன் வழங்குகின்றன என்று எண்ணிக்கொண்டே செல்லுங்கள்.

கொற்கை இன்று ஒரு சிற்றூர். பாண்டியரின் பெருந்துறைமுகத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றமே காத்திருக்கும். கோட்டை இல்லை; மாளிகை இல்லை. வயல்களும் வாழைத் தோட்டங்களும் பனைகளும், பெரியதொரு குளமும், அதன் பக்கமாக ஓர் அம்மன் கோயிலும் உண்டு. அம்மன் கண்ணகியே என்று ஊரார் சொல்வர். அக்கசாலை என்ற சொல் இவ்வூர்க் கோயில் ஒன்றின் பெயரிலே இன்னும் வாழ்கிறது. அக்கசாலை என்றால் பொன்வேலை நடக்கும் இடம், நாணயம் அடிக்கும் சாலை. முதிய வன்னி மரம் ஒன்று நிற்கிறது. அதற்கு 2000 ஆண்டு வயது என்பார்கள். சரித்திர ஆசிரியன் ஆதாரம் கேட்பவன். ஆனால் நிழலில் அமர்ந்து சோறுண்ண ஆதாரம் எதுவும் வேண்டியதில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடலிலிருந்து இந்தியாவரை இருந்த துறைமுகங்களைப் பற்றிக் கிரேக்க மொழியிலே ஒரு கையேடு எழுதப்பட்டது. பெரிப்புளூஸ் என்று அதை வழங்குகிறோம். எழுதியவன் பெயர் தெரியாது. கடல் வாணிகம் அறிந்தவன் என்பது மட்டும் தெளிவு. அவன் கொற்கையைக் கொல்கோய் என்று குறிக்கிறான். பாண்டிய மன்னனுக்கு உரிய முத்துக்குளிப்பு அங்கே நடைபெறுவதாகவும், தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அது நடத்தப்படுவதாகவும் சொல்கிறான். இரண்டாம் நூற்றாண்டில் பூகோள நூல் எழுதிய தாலமியும் கொல்கோயை வாணிகத் துறை என்றே குறித்தார். இன்று நாம் மன்னார் வளைகுடா என்று அழைக்கும் கடலுக்கு அந்நாளில் கிரேக்கர் இட்ட பெயர் கொல்கிக் வளைகுடா. ஒரு பெருங்கடற்பரப்பே இந்தச் சிற்றூரின் பெயரால் உலக வரைபடத்தில் விளங்கிய காலம் அது. இன்று அந்தக் கடலின் ஓசைகூட இங்கே கேட்பதில்லை.

கொல்கோய் என்பது கொற்கையே என்று நிறுவி, இவ்வூரையும் காயலையும் ஆராய்ந்து எழுதியவர் பிஷப் கால்டுவெல். இப்பக்கத்து மண்ணைத் தோண்டினால் கடற்சிப்பிகள் வெளிப்படுவதை அவர் கவனித்து எழுதியிருக்கிறார். 1881 இல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலிச் சரித்திரத்தைக் கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். 1968-69 இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்தனர். அப்போது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 அளவினது எனக் கணிக்கப்பட்டது. 2021 இல் மீண்டும் அகழ்ந்தபோது செங்கற் கட்டடப் பகுதியும், சங்கை அறுத்து அணிகள் செய்ததன் மிச்சங்களும் வெளிவந்தன. குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், படம் வரைந்துகொள்ளுங்கள். ஆனால் வயலில் கிடக்கும் ஓட்டுச் சில்லையும் சங்குத் துண்டையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இடத்தைவிட்டு எடுத்த ஓடு வெறும் ஓடே. அது கிடந்த இடமே அதன் பேச்சு.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்கக் காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவர்களை இங்கே அழைத்து வந்தேன். ஒரு பையன் வரப்பிலே குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான். சிப்பித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, “சார், இங்கே கடல் இருந்ததா?” என்று கேட்டான். இருந்தது என்றேன். “இப்போ எங்கே போச்சு?” என்றான். பின்வாங்கிவிட்டது என்று, பாடப் புத்தகத்தில் உள்ளவாறே கூறினேன். “ஏன் சார் பின்வாங்கிச்சு?” என்று அவன் விடாமல் கேட்டான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த உத்திகளுள் அந்தச் சமயத்துக்கு உதவியது ஒன்றே ஒன்று. “எல்லோரும் வரிசையில் நில்லுங்கள், பேருந்துக்கு நேரமாகிறது” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையனுக்கு அன்று தராத விடையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தாமிரபரணி பொதிகை மலையிலே பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் மட்டுமே ஓடிக் கடலை அடையும் ஆறு. நீளத்தில் குறுகியது; ஆனால் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் பேறுடையது. மலையிலிருந்து விரைந்து இறங்கும் வெள்ளம் மணலையும் வண்டலையும் சுமந்து வருகிறது. சமவெளியை அடைந்தவுடன் அதன் வேகம் குறைகிறது. கடலருகே இன்னும் குறைகிறது. வேகம் குறைந்த நீர் சுமையை இறக்கி வைத்துவிடும். தலைச்சுமைக்காரன் மேட்டில் நின்று இளைப்பாறுவதில்லை. சமதரையில்தான் சுமையை இறக்குவான் அல்லவா? ஆறு கொண்டுவந்த மணலைக் கடலலை திருப்பித் தள்ளும். இரண்டின் தள்ளுமுள்ளில் முகத்துவாரத்துக்குக் குறுக்கே மணல்திட்டு எழும். திட்டுக்கு உட்புறம் தேங்கும் நீர் காயலாகும். ஆண்டுதோறும் வண்டல் படியப் படியக் காயல் ஆழம் குறைந்து சதுப்பாகும், அதில் உமரியும் கோரையும் முளைக்கும், பறவைகள் வரும். பிறகு மழை வெள்ளம் உப்பைக் கழுவிவிடும். ஒரு தலைமுறையில் உழவன் ஏரோடு வந்து சேருவான். கப்பல் நின்ற இடத்தில் தோணி, தோணி நின்ற இடத்தில் நாரை, நாரை நின்ற இடத்தில் நாற்று. கொற்கையில் நிகழ்ந்தது இதுவே. எந்தப் பகைவனும் அத்துறைமுகத்தை அழிக்கவில்லை. பாண்டிய நாட்டுக்கு வளம் தந்த ஆறுதான் அதன் துறைமுகத்தை மூடியது.

கொற்கைக் குளத்தங்கரையில் சற்று நேரம் நில்லுங்கள். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வடகாலின் கடைமடைக் குளங்கள் இப்பக்கத்தில் உள்ளன. அவ்வணை 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. ஆற்றின் கடைசி அணை அதுவே. நீர் இருக்கும் ஆண்டில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நீர்க்காகமும் இக்குளங்களில் இறங்கும். தாமிரபரணிப் பாசனக் குளங்களின் நீர்ப்பறவைகளை 2011 முதல் ஆர்வலர்கள் கூடி ஆண்டின் தொடக்கத்தில் கணக்கெடுத்து வருகிறார்கள். மாணவர்களும் அதில் சேர்ந்துகொள்ளலாம். பறவையை எண்ணப் பழகியவனுக்குப் பொறுமை தானே வரும். வகுப்பறையில் அதை நான் கற்பிக்க முயன்று தோற்றிருக்கிறேன்.

இனித் திரும்புவோம். உச்சிவேளைக்குள் பழையகாயல் வந்துவிடலாம். கொற்கை தூர்ந்த பிறகு வாணிகம் இங்கே நகர்ந்தது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இதைக் காயல் என்னும் பெரு நகரமாகக் கண்டார். ஹார்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் இங்கே வந்து நின்றன. பாண்டியர் குதிரைக்காகப் பெரும்பொருள் செலவிட்டனர். இக்கரை முத்துக்குளிப்பைப் பற்றியும் அவர் விரிவாகக் கூறுகிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாக்கள் அண்டாதபடி மந்திரித்துக் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. மந்திரத்துக்கும் கூலி நிர்ணயித்த நாடு நம்முடையது. இதைப் படித்துச் சிரிப்பவர்கள், ஒரு கயிற்றையும் ஒரு கல்லையும் நம்பிப் பத்துப் பன்னிரண்டு ஆள் ஆழம் கடலுக்குள் இறங்கியவனின் நெஞ்சத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கால்டுவெல் இங்கே நடந்தபோது சீனப் பீங்கான் உடைசல்களைக் கண்டெடுத்தார். சீனமும் அரபு நாடும் சந்தித்த இத்துறையையும் வண்டல் விட்டுவைக்கவில்லை. பெயரிலேயே ‘பழைய’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் துறை புன்னைக்காயல். ஆத்தூரிலிருந்து கிழக்கே ஒரு கிளைச்சாலை பிரிகிறது. பயணத்தின் அழகெல்லாம் இங்கேதான் இருக்கிறது. ஆகையால் பிற்பகல் முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இக்கரைக்கு வந்தபோது இதுவே முதன்மையான இருப்பிடமாக விளங்கியது. அண்ட்ரிக் அடிகள் என்று தமிழ் மக்கள் அழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் நெடுங்காலம் இங்கே வாழ்ந்து தமிழ் கற்றார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தால் முதன்முதல் அச்சான நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதை ஆக்கியவர் இவரே. இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் தமிழ்ப் பாடப் புத்தகத்தின் மூதாதை, இந்த மீனவர் குடியிருப்பில் பழகிய தமிழிலிருந்து பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஊரைத் தாண்டி முகத்துவாரத்துக்கு வாருங்கள். இங்கே ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, எது ஆறு, எது கடல் என்று சொல்ல முடியாதபடி பரந்து கிடக்கிறது. கரையோரச் சேற்றில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. அவற்றின் வேர்கள் மண்ணுக்குக் கீழே மட்டும் அல்லாமல், ஆணிகளை நட்டு வைத்தாற்போல் சேற்றுக்கு மேலேயும் நீட்டிக்கொண்டிருக்கும். மூச்சுக் காற்று இல்லாத சேற்றில் மரம் அவ்வேர்களால் சுவாசிக்கிறது. அந்த வேர்களின் இடையே இறால் குஞ்சும் மீன்குஞ்சும் வளர்கின்றன. நீர் வற்றும் நேரத்தில் சேற்றுத் திட்டுகளில் உள்ளான்கள் ஓடி ஓடி இரை பொறுக்கும். வட ஆசியாவின் குளிர்ப் பிரதேசங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, பனி தொடங்குமுன் இமயத்தைக் கடந்து வரும் சிறு பறவைகள் அவை. சில ஆண்டுகளில் பூநாரைக் கூட்டமும் இக்கரை உப்பளங்களில் இறங்கும். காலையில் கொற்கையில் நாம் கற்பனையால் மட்டுமே கண்ட காட்சியை, அதாவது காயல் சதுப்பாகி, சதுப்பு நிலமாகும் காட்சியை, இங்கே நேரிலேயே காணலாம். 2000 ஆண்டுகளுக்கு முன் கொற்கை எவ்வாறு இருந்திருக்கும் என்று என்னைக் கேட்டால், புன்னைக்காயலைப் போய்ப் பாருங்கள் என்றே சொல்வேன்.

அங்கே ஒரு முதியவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆழம் எங்கே என்று கேட்டேன். “வாத்தியாரையா, போன வருசம் ஆழமா இருந்த எடத்துல இந்த வருசம் நின்னு குளிக்கலாம். ஆத்துவாயி ஒரே எடத்துல கெடக்காது” என்றார். சரித்திர நூல்களில் ஓர் அத்தியாயம் முழுதும் சொல்வதை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

இப்பொழுது நான்காம் புள்ளிக்கு வருவோம். ஆற்றுவாயை நம்பியிருந்த மூன்று துறைகளும் தூர்ந்த பின், ஆறு இல்லாத தூத்துக்குடி எழுந்தது. போர்த்துக்கேயரும், 1658 முதல் டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் அதைத் தலைமைத் துறையாக வைத்துக்கொண்டனர். வண்டல் கொட்டும் பேராறு அங்கே கடலில் கலக்கவில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், கடலுக்குள் காவலாக நின்ற தீவுகள். இராமேசுவரப் பக்கத்திலிருந்து தூத்துக்குடிவரை வளைகுடாவில் 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள் மதிலாக வளர்ந்திருந்தன. கடற்பூச்சிகள் தம் உடலைச் சுற்றிச் சுண்ணாம்பைக் கட்டி, தலைமுறை தலைமுறையாக எழுப்பிய மதில் அது. பெரிய அலை அந்த மதிலில் மோதி உடைந்து, சிற்றலையாகவே கரைக்கு வரும். வ. உ. சிதம்பரனார் 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிக் கப்பல் விட்டது இத்துறையிலிருந்தே. 1974 இல் இது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதெல்லாம் நீங்கள் அறிந்தவை.

முத்தைப் பற்றி ஒரு சொல். 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. அதுவே கடைசி. குளிகல்லைக் காலில் மாட்டிக்கொண்டு ஒரு மூச்சில் இறங்கி, முத்துப்பாரில் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு ஏறுவார்கள் என்றும், சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவும் நாட்களில் ஊரே மூக்கைப் பிடித்துக்கொள்ளும் என்றும் என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1961 க்குப் பின் பார்களில் குளிப்புக்குப் போதுமான சிப்பி சேரவில்லை. 1973 இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிப் பக்கத்தில் சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினர். அது விஞ்ஞானத்தின் வெற்றி. பழைய குளிப்பு மீளவில்லை.

அந்தத் தீவுகளின் கதையைச் சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. என் இளமையில் முருகைக்கல் என்பது எங்களுக்கு ஒரு சாதாரணப் பொருள். கடலிலிருந்து தோணி தோணியாகப் பெயர்த்து வந்து கரையில் குவிப்பார்கள். வீட்டுச் சுவருக்கு அதுவே கல். காளவாயில் இட்டுச் சுட்டால் அதுவே சுண்ணாம்பு. தொழிற்சாலைகளுக்கும் அதுவே மூலப்பொருள். எங்கள் வீட்டுச் சுவர் வெண்மையாக இருந்தது அந்தச் சுண்ணாம்பினால்தான். நான் ஆசிரியனான பிறகு ஒரு நாள் மாணவர்களைக் கரைக்கு அழைத்துச் சென்று, அழகிய கிளைகளோடு கிடந்த பவளத் துண்டுகளைப் பொறுக்கி வரச் செய்து, பள்ளியின் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்தேன். பார்வையிட வந்தவர்கள் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன். அந்தத் துண்டுகள் அரணின் செங்கற்கள் என்பதை எங்களுள் ஒருவரும் எண்ணவில்லை.

மதில் போனால் மணல் எத்தனை நாள் நிற்கும்? பவளப்பாறை பெயர்க்கப்பட்ட இடங்களில் அலை நேராகவே தீவின் மணலை அரித்தது. 1986 இல் வளைகுடாத் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989 இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001 இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. அதன் பின் சில ஆண்டுகளில் கல்லெடுப்பு நின்றது. 2022 இல் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இவ்வளைகுடா சேர்க்கப்பட்டது. ஆனால் தூத்துக்குடித் தொகுதியைச் சேர்ந்த விலாங்குச்சல்லித் தீவு அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அது நீருக்குள் போய்விட்டது. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் அவ்வாறே. 21 என்று புத்தகத்தில் படிக்கிறோம்; கண்ணால் எண்ணினால் குறையும். தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள வான் தீவு 1986 இல் ஏறத்தாழ 16 எக்டேர் பரப்புடையதாக இருந்தது. 2015 அளவில் அது 2 எக்டேரை ஒட்டிச் சுருங்கி, இதுவும் மறையும் என்று அஞ்சும் நிலைக்கு வந்தது. அவ்வாண்டு முதல் துளைகளிட்ட சிமெண்டுக் கட்டிகளைத் தீவின் கடற்புறத்தில் வரிசையாக இறக்கி வைத்தார்கள். அலை தணிந்தது, கட்டிகளில் பவளமும் மீனும் குடியேறின, தீவில் மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. கடற்பூச்சி கூலியின்றிக் கட்டித் தந்ததைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகச் சிமெண்டை விலை கொடுத்து வாங்கி இறக்கினோம்.

இந்த இரண்டு மாற்றங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு கொற்கையிலிருந்து கடலை ஆறேழு கிலோமீட்டர் தள்ளிச் செல்ல 2000 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. தள்ளிய இடத்தில் வயலும் குளமும் தந்தது. ஒரு தீவைக் கடலுக்குள் இறக்க நமக்கு ஒரு மனிதனின் ஆயுட்காலமே போதுமானதாக இருந்தது. அதற்கு ஈடாக என்ன தந்தோம் என்று என்னைக் கேட்டால், எங்கள் வீட்டு வெள்ளைச் சுவரைத்தான் காட்ட வேண்டும்.

தீவுகளுக்குப் போக முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். வனத்துறையின் அனுமதி இன்றி அவற்றில் கால் வைக்கலாகாது. யாராவது தோணிக்காரரிடம் பேசி இரகசியமாகப் போய்விடலாம் என்று எண்ணுபவர்கள் இப்பேச்சைக் கேட்காதிருந்தாலே நலம். மறுநாள் காலையில் ஓய்வு இருக்குமானால், வடக்கே தருவைக்குளம் கரைக்குப் பேருந்தில் செல்லுங்கள். தருவை என்பதும் நம் பக்கத்தில் ஆழமற்ற நீர்நிலைக்கு வழங்கும் பெயர்தான். அங்கே நின்று கடலை நோக்குங்கள். காண ஒன்றும் இராது. விலாங்குச்சல்லி மறைந்து கிடப்பது அந்தக் கடலிலேதான். கொற்கையில் கடல் இல்லாத துறைமுகத்தைப் பார்த்த கண்ணால், தீவு இல்லாத கடலையும் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

நான் ஓய்வு பெற்ற ஆண்டில், அந்தக் கண்ணாடிப் பெட்டியிலிருந்த பவளத் துண்டுகளை வனத்துறையினரிடம் ஒப்படைத்தோம். பெட்டியை அகற்றிவிடலாமா என்று உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லி, உள்ளே ஓர் அட்டையை மட்டும் எழுதி வைத்தேன். பொருள்: பவளம். கிடைத்த இடம்: தூத்துக்குடிக் கடற்கரை. எடுத்தவர் என்ற இடத்தில் மாணவர்களின் பெயரை எழுதவில்லை. என் பெயரை எழுதினேன்.